நாற்காலிக்கு முழங்கால் இல்லை

உன் மகன் உட்கார்ந்துவிட்டுப் போன நாற்காலி இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் நீ செத்துப்போன செய்தியைச் சொன்னான். பனி விழுகிறது, உள்ளே எடுத்துப் போடுங்கள் என்று என் மகள் செல்வி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு அதைத் தொட மனம் வரவில்லை.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல செல்வி எழுதுகிறாள். என் பேச்சை, படித்தவர்கள் எழுதும் தமிழில் திருத்தித்தான் போடுவாள். போடட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் போதும்.

உன் மகன் நல்ல பையன். உன் தாடை, உன் தோள். பேச்சு மட்டும் கோயம்புத்தூர்ப் பேச்சு. தேத்தண்ணி குடித்து முடித்ததும் எழுந்து, அந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்திக் காட்டினான்.

“எங்கப்பா டான்ஸ் கத்துக்கிட்டதே இப்படித்தானுங்க. மூணாறுப் பக்கம் கிளப்புல இருந்தப்ப ஆடறதுக்குச் சோடி இல்லீங்களாம். மத்தியானத்துல ஆருமில்லாத நேரம் பாத்து, ஒரு நாற்காலியப் புடிச்சுக்கிட்டே ஆடிப் பழகுனாருங்களாம். இன்னைக்கும் நம்ம டான்ஸ் பள்ளிக்கூடத்துல புதுசா வர்றவங்களுக்கு மொதல்ல நாற்காலியத்தான் குடுப்போமுங்க.”

“நல்ல நாற்காலியா இருந்திருக்கும் தம்பி” என்றேன்.

சிரித்தான். “நீங்க பாத்திருக்கீங்களாங்க?”

“பாத்திருக்கேன்” என்றேன். அப்பனைப் புதைத்த ஈரம் காயாத பிள்ளையிடம் வேறென்ன சொல்ல? அவனிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். நீதானே கேட்க வேண்டியவன்.

எழுபதுகளில், வெள்ளைத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு போன காலம். மலைமேல் இருந்த கிளப்பில் தரை தேய்ப்பது என் வேலை. எஸ்டேட் ஆளாகத்தான் என் பேர் இருந்தது. அங்கிருந்து கிளப்புக்கு அனுப்பியிருந்தார்கள். தேக்குப் பலகை போட்ட பெரிய கூடம். மெழுகும் டர்பன்டைனும் கலந்து தடவி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையை வலது காலுக்கு அடியில் வைத்துத் தேய்க்க வேண்டும். இடது காலில் நின்றுகொண்டு, வலது காலை முன்னும் பின்னும் வீச வேண்டும். முகம் தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும் என்பார் செக்ரட்டரி. யார் முகம் என்று சொன்னதில்லை.

நீ பில்லியர்ட்ஸ் மேசைக்கு மார்க்கராக ஊட்டியிலிருந்து வந்தாய். துரைமார் பந்து அடிக்க, நீ எண்ணிக்கை சொல்ல வேண்டும். எல்லோரும் உன்னை மார்க்கர் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். உன் பேரை இந்த மடலில் போடச் சொல்லவில்லை. எனக்கு நீ மார்க்கர்தான்.

ஒரு மழை மத்தியானம். கூடத்தில் நான் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ வாசல் நிலையில் சாய்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“எலேய் கருப்பையா, இப்ப எந்தக் காலு வேலை செய்யுது?”

“இது என்ன கேள்வி? மட்டை மேல இருக்குற காலு.”

“இல்லவே. அது சும்மா ஊஞ்சல். நிக்குற காலுதான் வேலை செய்யுது. அதைத் தூக்கிட்டு இதை ஆட்டு பாப்போம்.”

“தூக்குனா விழுவேன், கூமுட்ட.”

“அதைத்தான் நானும் சொல்லுதேன்.”

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாய். வெள்ளைக்காரர்கள் இடத்துக்கு வந்த நம் ஊர்த் துரைமாருக்கும் அவர்கள் சம்சாரங்களுக்கும் சோடி சேர்ந்து ஆடுகிற வால்ட்ஸ் ஆடத் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தது செக்ரட்டரிக்கு மானக்கேடாகப் போய்விட்டது. ஊட்டி ஓட்டலில் நாளெல்லாம் ஆட்டம் பார்த்தவன் என்று நீயே சொல்லிக்கொண்டு, கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டாய்.

“ஆம்பள அடி எனக்குத் தெரியும்லே. பொம்பள அடி தெரியாது. அது தெரியாம எப்படிச் சொல்லிக்குடுக்க?”

“அதுக்கு நான் என்ன செய்யட்டும்?”

“நீதான் பொம்பள.”

அன்றிலிருந்து மழைக்காலம் முழுக்க மத்தியானங்களில் நான் உனக்குப் பொம்பளையாக இருந்தேன். உனக்குக் காலில் தோல் ஷூ. எனக்கு வெறுங்கால். நீ முன்னால் வருவாய், நான் பின்னால் போவேன். சமையல்கார அண்ணன் அடுப்படிச் சன்னலிலிருந்து, “மார்க்கர் பெஞ்சாதி, தாலி எங்கம்மா?” என்று கத்துவார். “அடகுல இருக்கு மச்சான்” என்று நீ என் சார்பில் பதில் சொல்வாய். எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடான லயத்தில் என் சம்சாரம் பேச்சியும் விடவில்லை. நான் வீடு திரும்பியதும், “இன்னிக்கு உங்க மாப்பிள்ள எப்படி ஆட வச்சாரு? சீலை வாங்கித் தாரேன்னாரா?” என்பாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டுதான் இருந்தது.

தொடக்கத்தில் என் கால் ஒத்துவரவே இல்லை. நாங்கள் மலைச்சரிவில் பிறந்து நடந்தவர்கள். ஈரமண்ணில் ஒரு காலை முதலில் அனுப்பி, விரலால் மண்ணைக் கவ்வி, வழுக்காது என்று தெரிந்த பிறகுதான் உடம்பைக் கொடுப்போம். மலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்வோம். அந்தச் சமதளத்திலும் நான் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனேன்.

“இங்க மலை இல்லவே. எதுக்கு அங்குட்டுச் சாயுத?” என்று என் விலாவில் இடித்தாய்.

காலை முதலில் அனுப்பினால் என்ன ஆகும் என்று என் பெருவிரல் கற்றுக்கொண்டது. கால் பின்னால் போய்விடும், உடம்பு போகாது, நீ வந்து மோதுவாய். உன் ஷூ என் விரல்மேல் ஏறும். வலது பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. பிறகு முளைத்தது கோணலாக முளைத்தது. இன்றைக்கும் கோணல்தான்.

“காலை அனுப்பாத, உடம்ப அனுப்பு. காலு தன்னால வரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். எப்படி அனுப்புவது என்று உனக்கும் சொல்லத் தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைக் கண்டுபிடித்தோம். நின்ற கால் முதலில் மடங்க வேண்டும். கணுக்காலும் முழங்காலும் கொஞ்சம் இறங்க, உள்ளங்கால் தரையை அமுக்கும். எந்தத் திசைக்குப் போக வேண்டுமோ அதற்கு எதிராக அமுக்க வேண்டும். ஓடத்துக்காரன் கழியை ஊன்றுவது மாதிரி. தரை உடம்பைத் திருப்பி அனுப்பும். உடம்பு கிளம்பிய பிறகு, சும்மா இருந்த கால் இடுப்பிலிருந்து ஊசலாடிப் போய், உடம்பு வந்து சேருகிற இடத்தில் தாங்கிக்கொள்ளும்.

பின்னால் போகிறவனுக்கு இன்னும் ஒன்று உண்டு. பின்னங்கால் பெருவிரல் நுனி முதலில் தரையைத் தொடும். பிறகு பாதத்தின் முன்பகுதி. குதிகால் கடைசியாகத்தான் இறங்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் உடம்பு பின்னால் சாய்ந்து உன்னையும் இழுத்துவிடும். குதிகால் இறங்குகிற நேரத்தில் முன்னங்காலின் விரல்கள் தாமாக மேலே எழும்பும். ஷூவுக்குள் இருந்த உன் காலுக்கு இது தெரியவில்லை. என் வெறுங்காலுக்குத் தெரிந்தது. நான் சொன்னேன், நீ கேட்டாய். இதை மறந்துவிடாதே. செத்தவனுக்கு மறதி உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்த காலத்தில் உனக்கு இருந்தது.

கையால் தள்ளுவதை நிறுத்தினாய். “மாட்டப் புடிச்சுக் கட்டுற மாதிரி இருக்கு” என்று நான் திட்டிய பிறகு நிறுத்தினாய். உன் விலாவின் அடிப்பக்கம் என் விலாவோடு ஒட்டியிருக்கும். உன் முழங்கால் மடங்குவது எனக்கு அங்கே தெரியும். நீ அடி வைப்பதற்கு முன்பே நான் போயிருப்பேன். தாளத்தின் மூன்று தட்டில் முதல் தட்டுக்கு இறங்கி நீளமாக ஓடுவோம்; இரண்டிலும் மூன்றிலும் விரல்மேல் எழும்புவோம்; எழும்பிய உடம்பை முழங்காலால் மெதுவாக இறக்கி அடுத்ததற்குக் கொடுப்போம். கிராமபோன் முடிந்து ஊசி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தபோதும் நாம் நிற்காமல் ஆடியது உண்டு. சமையல்கார அண்ணன் அன்றைக்கு ஒன்றும் கத்தவில்லை. சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. பின்னால் தூண் இருக்கிறதா, மேசை இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பேன். உனக்குக் கோபம் வரும்.

“பின்னால போறவன் திரும்பக் கூடாதுவே. திரும்புனா முதுகு முறுக்கும், ரெண்டு பேரும் போவோம். உனக்கு நான்தான் கண்ணு. நான் பாத்துக்கிடுதேன்.”

அதைப் பழகத்தான் எனக்கு நாளானது. பழகிவிட்டேன்.

நீ தொரசாணிகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாய். ஷூ வழுக்கி ஓடுவதற்காகத் தரையில் ஆட்ட மாவு தூவிய பிறகு வெறுங்கால்காரன் உள்ளே வரக்கூடாது என்பது கிளப் சட்டம். மாவைத் தூவுவது நான். தூவிவிட்டு வெளியே போய்விட வேண்டும். கதவுக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். “பெருவிரல் முதல்ல மேடம், குதிகால் கடைசியில” என்று உன் குரல் வரும். என் கால் கண்டுபிடித்ததை உன் வாய் சொல்கிறது என்று எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வருஷ விருந்தில் எல்லோரும் ஆடினார்கள். விருந்துக்கு வந்த கோயம்புத்தூர் முதலாளி ஒருவர் உன்னைத் தம்மோடு வரச் சொன்னார். அங்கே கிளப்பில் ஆட்டம் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், தங்க இடமும் உண்டு என்றார். மறுநாள் நீ ஓடி வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய்.

“ரெண்டு பேரும் போறோம்லே! நான் ஆம்பள அடி, நீ பொம்பள அடி. ஒருத்தன் மட்டும் போயி எதைக் காட்ட? அவருகிட்ட சொல்லிட்டேன். நீ எஸ்டேட்டுல பேரை வெட்டிட்டு வா.”

பேரை வெட்டுவது என்றால் என்ன என்று உனக்கு முழுதாகத் தெரியுமா என்று இத்தனை வருஷமும் யோசித்திருக்கிறேன். நீ வெளியாள். கிளப்பின் பின்கட்டில் படுத்தவன். எங்களுக்கு எஸ்டேட்டில் பேர் இருக்கிற வரைக்கும்தான் லயத்தில் அறை. பேச்சி கொழுந்தெடுக்கும்போது சரிவில் விழுந்து இடுப்பு முறிந்தவள். அவள் பேரை முன்பே எடுத்துவிட்டார்கள். அந்த ஒற்றை அறை என் பேரில் மட்டும் நின்றது. என் அப்பன் செத்த அறை, செல்வி பிறந்த அறை.

“பேரு போச்சுன்னா ஊடு போச்சு” என்றாள் பேச்சி. “அந்த மனுசன் மொத போயி, இடம் இருக்கான்னு பாத்துக் கூப்பிடட்டும். பெறகு வெட்டுவோம்.”

“அவன் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டான்.”

“அவரு ஆயிரம் சொல்லுவாரு. நீங்க ஒரு தடவ திரும்பிப் பாருங்களேன்.”

திரும்பிப் பார்க்காமல் இருக்கத்தானே நீ என்னைப் பழக்கியிருந்தாய். பேரை வெட்டினேன். அறையை ஒழித்துக் கொடுத்தேன். நாங்கள் சாமானைக் கட்டி முடிப்பதற்குள்ளேயே வேறு குடும்பம் வாசலில் பானையோடு நின்றது.

மாட்டுப்பட்டி ரோட்டு வளைவில் காலையில் நிற்கச் சொன்னாய். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்ச்சுருட்டு, பேச்சி, அவள் இடுப்பில் வைக்க முடியாததால் என் தோளில் செல்வி. மாட்டுப்பண்ணைக்குப் புல் ஏற்றிப் போகும் லாரிகள் எங்கள்மேல் சேறு தெறித்துப் போயின. ஜீப் வந்தது. நீ முன்னால் முதலாளியின் பக்கத்தில், புதுச் சட்டையில் இருந்தாய். நான் கையைக் காட்டினேன். ஜீப் நிற்கவில்லை, வளைவுக்காக வேகம் குறைந்தது, அவ்வளவுதான். பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்கிற தூரம்.

“யாரப்பா அது, நம்மளப் பாத்துக் கை காட்டறது?”

“கிளப்புல தரை தேய்க்குற ஆளு சார். வழியனுப்ப வந்திருக்கான்.”

முதலாளி எனக்குத் தலையாட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். என்னைப் பற்றி அவரிடம் நீ ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை என்பது அந்தத் தலையாட்டலில் தெரிந்துவிட்டது. ஜீப் அடுத்த வளைவில் மறையும்வரை உன் பிடரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ திரும்பவில்லை. எனக்குச் சொன்ன பாடத்தை நீயும் நன்றாகவே பழகியிருந்தாய்.

“பெட்டிய எடுங்க” என்றாள் பேச்சி. “மழை வரும்போல.”

திரும்பப் போய்ப் பேரைச் சேர்க்கக் கேட்டேன். வெட்டிய பேர் வெட்டியதுதான் என்றார்கள். கிளப்பிலும் எஸ்டேட் ஆள் வேறொருவன் மட்டையை மிதித்துக்கொண்டிருந்தான். பேச்சியின் சித்தப்பா ஒருவர் காந்தலூரில் இருந்தார். அங்கே போய் அடுத்தவர் நிலத்தில் பூண்டு நட்டோம், கேரட் பிடுங்கினோம். படிப்படியான நிலம். தண்ணீர் கீழே, வீடு மேலே. முறிந்த இடுப்போடு குடத்தைத் தூக்கி ஏறினாள் பேச்சி, ஏற முடிகிற காலம் வரைக்கும். லயத்தில் குழாய் வாசலிலேயே இருந்தது.

அவள் என்னைக் குத்திக்காட்டியது ஒரே ஒரு விதத்தில்தான். பஸ் வரவில்லையா, ரேஷன் அரிசி வரவில்லையா, மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நாளில் வரவில்லையா, “மார்க்கர் ஜீப்புதான்” என்பாள். அது எங்கள் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. செல்வியின் பிள்ளைகளும் சொல்கிறார்கள். இந்த இடத்தை எழுதும்போது செல்வி பேனாவை நிறுத்திவிட்டாள்.

“இது அந்த ஜீப்பாப்பா? நான் ஏதோ சினிமாவுல வர்ற ஜீப்புன்னுல்ல நெனச்சேன்?”

“நீ என் தோள்ல இருந்த. கை தட்டிச் சிரிச்ச.”

அவள் தாளைத் திருப்பிப் போட்டாள். பிறகு, “சொல்லுங்க” என்றாள்.

உன் மகன் கிளம்பும்போது இன்னொன்று சொன்னான். “கடைசி நாள்ல உங்க பேரச் சொன்னாருங்க. காந்தலூர்ல பூண்டு போடறாரு, கருப்பையான்னு. எங்கூடக் கிளப்புல தரை தேச்சவரு, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வான்னாருங்க.” நான் எஸ்டேட்டை விட்டு எங்கே போனேன் என்று உன்னிடம் யார் சொன்னது? கேட்டுத்தானே தெரிந்துகொண்டிருப்பாய். பேச்சி உயிரோடு இருந்தபோதே தெரிந்திருக்குமோ? ஜீப்பில் இடம் இல்லாமல் போயிருக்கலாம். முதலாளியிடம் சொல்ல வாய் வராமல் போயிருக்கலாம். அதையெல்லாம் ஒரு நாள் பொறுத்திருப்பேன். இங்கே இருக்கிறேன் என்று தெரிந்தும் வராமல் இருந்தாயே, அதைப் பொறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசியிலும் உனக்கு நான் தரை தேய்த்தவன்தான். உன் பள்ளிக்கூடத்தில் நாற்காலி.

அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மகனிடம் நீ சொல்லாமல் விட்டது. நாற்காலிக்கு நான்கு கால். நான்கும் ஒரே நேரத்தில் நிற்கும். நிற்கிற கால், போகிற கால் என்று அதற்குக் கிடையாது. முழங்கால் இல்லாததால் தரையை அமுக்கத் தெரியாது. நீ இழுத்தால் இழுபடும், அவ்வளவுதான். வருகிற உடம்புக்கு முன்னாலேயே விலகி வழிவிட அதனால் முடியாது. அதைப் பிடித்துப் பழகுகிற பிள்ளைகள் கையால் தள்ளத்தான் கற்றுக்கொள்வார்கள். உன் மகனும் அன்றைக்கு வாசலில் அப்படித்தான் செய்தான். தோள் நல்ல தோள். ஆனால் காலை முதலில் அனுப்புகிறான்.

எனக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. நிலத்துப் படிகளில் ஏறிவிடலாம்; முன்னோக்கி இறங்க முடியவில்லை, வலி உயிர் போகிறது. அதனால் பின்னால் திரும்பி நின்று இறங்குகிறேன். நிற்கிற காலை மடக்கி, பெருவிரல் நுனியால் கீழ்ப்படியைத் தொட்டு, குதிகாலைக் கடைசியில் இறக்குகிறேன். வலி அவ்வளவாக இல்லை. ஊரில் சிரிக்கிறார்கள். “தாத்தா ரிவர்ஸ் கியர்ல வாராரு” என்று பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. நீ கொடுத்ததில் மிச்சம் அந்த ஒன்றுதான். உடம்பு அதை விட மாட்டேன் என்கிறது, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு மாற்றம் மட்டும் செய்துகொண்டேன். ஒவ்வொரு படிக்கும் நின்று, கழுத்தை வளைத்து, திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறேன்.